30 வாரக் குழந்தைக்கு வங்கிப் பால்: பயப்படலாமா?

30 வாரத்தில் பிறந்த குழந்தை என்ஐசியூவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறது, உங்களுக்குப் பால் சரியாக ஊறவில்லை, மற்ற தாய்மார் தானமாகத் தந்த தாய்ப்பால் வங்கிப் பால் கொடுக்கலாம் என்கிறார் டாக்டர், மாமியாரோ "யாரோ பெத்தவ பாலா, பவுடர் பாலே போதும்" என்கிறார், இதுதானே சிக்கல்? டாக்டர் பக்கம் நில்லுங்கள்.

குறைமாதக் குடலின் உட்சுவர் இன்னும் முழுசாக இறுகியிருக்காது, கிருமி எளிதில் உள்ளே இறங்கும், அதனால்தான் என்இசி என்ற குடல் அழுகல் நோய்க்கு அவ்வளவு பயப்படுகிறார்கள். 1990இல் லூகாஸ், கோல் இருவரும் 926 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்து எழுதிய ஆய்வில், பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு அந்த நோய் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகம். தாய்ப்பாலில் குழந்தைக்கே செரிக்காத ஒரு வகைச் சர்க்கரை உண்டு. வீண் இல்லை, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு அதுதான் சோறு.

வங்கிப் பாலை அப்படியே கொடுக்க மாட்டார்கள். கொடுப்பவருக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி (ஹெபடைடிஸ்) பரிசோதனை உண்டு, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். அதில் நோய் எதிர்ப்புச் சத்து கொஞ்சம் போகும், அந்தச் சர்க்கரை பெரும்பாலும் தங்கும்.

அப்புறம், உங்கள் பாலைக் கைவிடாதீர்கள். இரவிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 8 தடவையாவது பீய்ச்சுங்கள். சிரிஞ்சில் அரை மில்லி சீம்பால் வந்தாலும் நர்ஸிடம் கொடுங்கள், கொட்டிவிடாதீர்கள். குழந்தைக்கு வயிறு உப்பினாலோ பச்சையாக வாந்தி வந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.