கூடாரத்துக்குக் கட்டணம் இல்லை, வரைபடம் கட்டாயம்: வாசகர் கேள்வி-பதில்

மெமோரியல் டே வார இறுதி நெருங்கினால் அமெரிக்கக் காடுகளில் இலவசமாகக் கூடாரம் போடுவது பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். எந்த மாநிலம், எந்த மாதம், என்ன வண்டி என்று எழுதியவர்களுக்குத்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடிந்தது. மற்றவர்கள் கிடைத்ததை வைத்துத் தேற்றிக்கொள்ளுங்கள்.

யோசெமிட்டியில் இலவசமாகக் கூடாரம் போட எது நல்ல இடம்? (சன்னிவேல்)

யோசெமிட்டிக்குள் அப்படி ஓர் இடம் கிடையாது. அது நேஷனல் பார்க். கட்டண கேம்ப்கிரவுண்டு, அல்லது பெர்மிட் வாங்கி முதுகுப் பையோடு நடப்பது, இரண்டில் ஒன்றுதான். பார்க்கிங்கில் காருக்குள் படுத்தாலும் இரவில் ரேஞ்சர் கண்ணாடியைத் தட்டுவார். நீங்கள் தேட வேண்டியது பார்க்கைச் சுற்றியிருக்கும் ஸ்டானிஸ்லாஸ், சியரா, இன்யோ நேஷனல் ஃபாரஸ்டுகளை. பார்க் உள்துறையின் கீழ் வருகிறது, ஃபாரஸ்ட் வேளாண் துறையின் கீழ். சட்டமும் வேறு, இணையதளமும் வேறு, தொலைபேசி எண்ணும் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று. கலிஃபோர்னியாவின் நேஷனல் ஃபாரஸ்டுகளில் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே கேஸ் அடுப்பு பற்றவைக்கக்கூட கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். இணையத்தில் ஒரு சிறு காணொளி, சில கேள்விகள், அவ்வளவுதான். காசு கிடையாது, ஆண்டு முடியும்வரை செல்லும்.

ஆண்டுப் பாஸ் வாங்க வேண்டுமா? (டாலஸ்)

டிஸ்பர்ஸ்டு கேம்பிங்குக்கு, அதாவது கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே காட்டில் இலவசமாகத் தங்குவதற்கு, வேண்டாம். சில மாநிலங்களில் கழிப்பறை, மேசை வைத்த டிரெயில்ஹெட்டில் (நடைபாதை தொடங்கும் இடம்) வண்டி நிறுத்தத்தான் பாஸ் கேட்பார்கள்.

எம்.வி.யூ.எம். (காட்டில் வண்டி ஓட்டக்கூடிய சாலைகளைக் காட்டும் ஃபாரஸ்ட் சர்வீஸ் வரைபடம்) இறக்கிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் கோடும் எண்ணுமாக இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. (ஃபீனிக்ஸ்)

இறக்கிப் பார்த்ததற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். அது அழகுக்காகப் போட்ட வரைபடம் இல்லை, சட்ட ஆவணம். மலையும் ஓடையும் அதில் சரியாகத் தெரியாது. எந்தச் சாலையில் வண்டி ஓட்டலாம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை ஓட்டலாம், இவற்றைத்தான் சொல்லும்.

முதலில் சாலையின் ஓரமாக ஓடும் புள்ளி வரிசையைத் தேடுங்கள். அந்தப் பக்கம் சாலையிலிருந்து குறிப்பிட்ட தூரம் உள்ளே வண்டியைக் கொண்டுபோய்த் தங்கலாம் என்று பொருள். தூரம் காட்டுக்குக் காடு மாறும், 300 அடி என்பது பல இடங்களில் உண்டு. புள்ளி இல்லாத சாலையில் வண்டியை ஓரத்திலேயே நிறுத்திவிட்டு, கூடாரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருக்கும். வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் அட்டவணையையும் படியுங்கள். சாலை திறக்கும், மூடும் தேதிகள் அங்கேதான் இருக்கும். வரைபடத்தில் இல்லாத சாலையில் கேட்டும் இல்லை, பலகையும் இல்லை என்றாலும் அது வண்டிக்கு மூடிய சாலைதான். "போர்டு இல்லையே" என்று ரேஞ்சரிடம் சொல்லிப் பயனில்லை.

எண் பலகை ஒரு நல்ல தடயம். எண் படுக்கைவாட்டில் எழுதியிருந்தால் பொதுவாகச் சாதாரணக் கார் போகும். செங்குத்தாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தால் உயரமான வண்டிக்கான சாலை. எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் அது கிளைச்சாலை. நல்ல இடங்கள் பெரும்பாலும் அந்தக் கிளைகளில்தான்.

புதிய பதிப்பா என்று பாருங்கள். அவென்சா செயலியில் இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடத்தை வரைபடத்தின்மேல் காட்டும். வீட்டிலேயே இறக்குங்கள். காட்டுக்குள் போய் இறக்க முடியாது.

கிராண்ட் கேன்யன் பக்கத்தில் நல்ல இலவச இடத்தின் லொகேஷன் பின் அனுப்ப முடியுமா? குழந்தைகளோடு போகிறோம், தேடி அலைய நேரமில்லை. (சான்டியேகோ. இதே கேள்வி சியாட்டிலிலிருந்தும் டென்வரிலிருந்தும்)

முடியாது. சாலை எண் சொல்கிறேன். தெற்கு விளிம்பு வாசலுக்கு வெளியே டூசயான் ஊர். அதை ஒட்டி கைபாப் நேஷனல் ஃபாரஸ்டின் 302, 328 ஆகிய மண் சாலைகள். மற்றதை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லொகேஷன் பின் ஏன் தர மாட்டேன் என்று ஒவ்வொரு ஆண்டும் எழுதுகிறேன், ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறீர்கள். நான்கு கூடாரம் தாங்கும் ஒரு வெட்டவெளியின் பின் ஒரு வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் அடுத்த சனிக்கிழமை அங்கே முப்பது வண்டி நிற்கும். வந்தவர்கள் திரும்பிப் போக மனமில்லாமல் புதரை மிதித்துப் புது இடம் உண்டாக்குவார்கள். இரண்டு கோடையில் புல் போய்ப் புழுதி ஆகிவிடும். மரத்தடியெல்லாம் டாய்லெட் பேப்பர். பிறகு ஃபாரஸ்ட் சர்வீஸ் ஓர் உத்தரவு போட்டு, எண் கம்பம் நட்ட இடங்களில் மட்டும் தங்கலாம் என்று சொல்லும், இல்லையென்றால் மொத்தமாக மூடும். செடோனாவுக்கு மேற்கே 525 சாலைப் பக்கம் இப்படித்தான் ஆயிற்று. எங்கு வேண்டுமானாலும் தங்கிய காலம் போய், இப்போது குறித்துக் கொடுத்த இடங்களில்தான் தங்க வேண்டும். கொலராடோவில் டென்வரை ஒட்டிய பல பள்ளத்தாக்குகளிலும் இதே கதை.

உங்கள் சொந்த நலனுக்கே பின் உதவாது என்பது அடுத்தது. செயலியில் இருக்கும் பின் மூன்றாண்டு பழையதாக இருக்கும், உத்தரவு போன மாதம் வந்திருக்கும். கூகுள் வரைபடத்தில் பச்சை அடித்திருப்பது காட்டின் எல்லை மட்டும். அந்தப் பச்சைக்குள் தனியார் நிலம் துண்டு துண்டாகக் கிடக்கும். அரிசோனாவில் மாநில டிரஸ்ட் நிலமும் குறுக்கிடும், அதற்குத் தனி பெர்மிட் வேண்டும். பின் போட்டவருக்கு இவை எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஃபாரஸ்ட் உத்தரவை மீறினால் தனிநபருக்கு 5,000 டாலர்வரை அபராதமும் ஆறு மாதம்வரை சிறையும் சட்டத்தில் உண்டு. "ஆப்பில் இருந்தது" என்பது அதற்குப் பதில் ஆகாது.

தேடுவது அரை மணி நேர வேலை, சோபாவில் உட்கார்ந்தபடி செய்யலாம். போகும் ஊரைச் சுற்றி 30, 40 மைலுக்குள் எந்த ரேஞ்சர் டிஸ்ட்ரிக்ட் (ஒரு ஃபாரஸ்டின் நிர்வாகப் பிரிவு) வருகிறது என்று பாருங்கள். அதன் எம்.வி.யூ.எம்.மில் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு மூன்று மைல் உள்ளே புள்ளி வரிசை உள்ள சாலைகளைக் குறியுங்கள். அதே சாலையைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கினால், ஓரத்தில் வெளிறிய மண் திட்டும் வண்டி திரும்பிய வளைவும் தெரியும். ஏற்கெனவே பிறர் தங்கிய இடம் அது. உயரம் காட்டும் வரைபடத்தில் உயரக்கோடுகள் நெருக்கமாக இருந்தால் சரிவு, விட்டுவிடுங்கள். நில உரிமை காட்டும் செயலி ஒன்றில் தனியார் நிலம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அந்த ஃபாரஸ்டின் இணையதளத்தில் எச்சரிக்கைப் பக்கம் பாருங்கள். கடைசியாக, வார நாளில் ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன்: இந்த எண் சாலை திறந்திருக்கிறதா, நெருப்புத் தடை எந்த நிலையில் இருக்கிறது, குறித்த இடத்தில் மட்டும் தங்க வேண்டிய பகுதியா. மூன்றே கேள்வி. பொறுமையாகவே பதில் சொல்வார்கள்.

இப்படி மூன்று இடம் கையில் வைத்துக்கொண்டு போங்கள், முதலாவது நிச்சயம் நிரம்பியிருக்கும். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

வெள்ளி இரவு வேலை முடிந்து கிளம்பினால் பத்து மணிக்குத்தான் காட்டை அடைவோம். பரவாயில்லையா? (அட்லாண்டா)

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்னதைப் படியுங்கள். முதல் இரவு ஊரில் மோட்டலில் தங்குங்கள்.

வாடகைக் கார், கேம்ரி. மண் சாலையில் போகுமா? (சிகாகோ)

கார் போகும், ஒப்பந்தம் போகாது. வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் தார் போடாத சாலைக்கு அனுமதி இல்லை. உள்ளே சிக்கினால் இழுவை வண்டிக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சர்வ சாதாரணம், காப்பீடு கைவிரித்துவிடும். சொந்தக் கார் என்றால், காய்ந்த சரளைச் சாலை நன்றாகவே ஓடும். யூட்டா, அரிசோனாவின் களிமண் சாலை மழை பெய்தால் வழுக்குப் பாறை. காயும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை, நாலு சக்கர இழுவையும் அங்கே எடுபடாது. ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்.

நியூ ஜெர்சிக்குப் பக்கத்தில் எந்த நேஷனல் ஃபாரஸ்ட்? (எடிசன்)

நியூ ஜெர்சியில் ஒன்றுகூட இல்லை. பென்சில்வேனியாவின் அலெகெனி, வெர்மான்ட்டின் கிரீன் மவுண்டன், இரண்டும் நீண்ட பயணம். அதைவிட நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக், கேட்ஸ்கில் வனக் காப்பு நிலங்கள் பக்கம். சாலை, நடைபாதை, நீர்நிலை மூன்றிலிருந்தும் 150 அடி தள்ளி, அல்லது மஞ்சள் வில்லை அடித்த இடத்தில் இலவசமாகத் தங்கலாம். மூன்று இரவுக்கு மேல் என்றாலோ, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் என்றாலோ மாநில ரேஞ்சரிடம் பெர்மிட் வேண்டும். கேட்ஸ்கில்லில் 3,500 அடிக்கு மேல் குளிர்காலம் தவிர மற்ற நாட்களில் தங்கக் கூடாது.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் சாம் ஹூஸ்டன் ஃபாரஸ்டில் தங்கலாமா? (ஹூஸ்டன்)

அது மான் வேட்டைப் பருவம். துப்பாக்கி வேட்டை நடக்கும் மாதங்களில் அங்கே கண்ட இடத்தில் தங்க முடியாது. குறித்த வேட்டைக்காரர் முகாம்களும் கட்டண கேம்ப்கிரவுண்டுகளும்தான். பகலில் நடக்கப் போனாலும் ஆரஞ்சு நிறச் சட்டை போடுங்கள், நாய்க்கும் சேர்த்து. பிப்ரவரியில் போங்கள், குளிரும் இதம், கொசுவும் குறைவு.

தணலை மண் போட்டு மூடினால் போதும்தானே? (சேக்ரமென்டோ)

போதாது. இதைத்தான் அதிகம் பேர் தப்பாகச் செய்கிறார்கள். மண்ணுக்கடியில் தணல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேர் வழியாகவும் மக்கிய இலை வழியாகவும் ஊர்ந்து, நீங்கள் வீடு சேர்ந்தபிறகு காற்றடிக்கும் நேரத்தில் வெளியே வரும். தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள், புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் மறுபடியும் ஊற்றுங்கள். நெருப்புக்கென்றே ஐந்து கேலன் தனியாக வைத்திருங்கள். அவ்வளவு தண்ணீர் இல்லையென்றால் நெருப்பே வேண்டாம். தீ பரவினால் அணைத்த செலவை உங்களிடம் கேட்கலாம்.

நெருப்புக்கு முதல் நிலைத் தடை வந்தாலே டிஸ்பர்ஸ்டு இடத்தில் விறகும் கூடாது, கரியும் கூடாது. திருகி அணைக்கும் கேஸ் அடுப்புக்கு மட்டும் பொதுவாக அனுமதி உண்டு. விறகை ஊரிலிருந்து கொண்டுபோகாதீர்கள், பூச்சியும் கூடவே பயணம் செய்யும்.

யெல்லோஸ்டோன் போகும் வழியில் டீட்டன் பக்கம் இரண்டு இரவு. சாம்பார் வைக்கலாமா? மிச்சத்தை என்ன செய்வது? (ஆஸ்டின்)

வைக்கலாம், அளந்து வையுங்கள். பிரிட்ஜர்-டீட்டன் ஃபாரஸ்ட் கிரிஸ்லி கரடி ஊர். அங்கே உணவுப் பாதுகாப்பு உத்தரவு உண்டு. சமைக்காத, சாப்பிடாத நேரமெல்லாம் உணவு, பாத்திரம், பற்பசை, எண்ணெய், குப்பை எல்லாம் பூட்டிய காருக்குள் அல்லது கரடியால் திறக்க முடியாதது என்று சான்றிதழ் பெற்ற பெட்டிக்குள் இருக்க வேண்டும். யோசெமிட்டியில் விதி நேர்மாறு. இரவில் காருக்குள் உணவு வைக்கவே கூடாது. இடத்துக்கு இடம் உத்தரவைப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

அடுப்பும் சாப்பாடும் கூடாரத்திலிருந்து 100 கஜம் தள்ளி. மிச்சச் சாம்பாரைப் புதைக்காதீர்கள், கரடி தோண்டி எடுக்கும். இறுக மூடும் டப்பாவில் திரும்பக் கொண்டுவாருங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி, பருக்கையைக் குப்பையில் சேர்த்து, தண்ணீரை ஓடையிலிருந்து 200 அடி தள்ளி வீசித் தெளியுங்கள். ஓடையில் அரிசி களைவதும் வேண்டாம். குக்கர் எடுத்துப் போங்கள். 9,000 அடியில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு விடியும்வரை வேகாது.

ஜாக்சன் ஊரை ஒட்டிய பிரபலமான பகுதிகளில் கோடையில் ஐந்து நாள்தான் தங்கலாம். வழக்கமான 14 நாள் வரம்பை நம்பிப் போகாதீர்கள்.

கழிப்பறை? (பெயர், ஊர் இல்லை)

ஆறு முதல் எட்டு அங்குலக் குழி, நீர், பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 200 அடி, அதாவது சுமார் எழுபது எட்டு. பேப்பரைப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஈரத் துடைப்பான் மக்கவே மக்காது. பாலைவனத்திலும் பாறை நிலத்திலும் குழி வேண்டாம், வேக் பேக் (கழிவை மூடி எடுத்துவரும் பை) வாங்குங்கள்.

சங்கத்தில் 80 பேர். காட்டில் பொங்கலோ தீபாவளியோ கொண்டாட முடியுமா? (மினியாபொலிஸ்)

75 பேரைத் தொட்டாலே குழு அனுமதி கட்டாயம். வணிகமில்லாத கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை. 72 மணி நேரம் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி, ஒரு மாதம் முன்பே கேளுங்கள் என்பது என் யோசனை. ஆனால் 80 பேருக்குக் கழிப்பறை இல்லாத இடம் எதற்கு? குழு கேம்ப்கிரவுண்டு ஒன்றை வாடகைக்கு எடுங்கள். பட்டாசு ஆண்டு முழுவதும் எல்லா நேஷனல் ஃபாரஸ்டிலும் தடை. கம்பி மத்தாப்பும் பட்டாசுதான். ஜனவரி மினசோட்டாவில் பொங்கல் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

வியாழனே கூடாரத்தை அடித்துவிட்டு வந்து, சனிக்கிழமை குடும்பத்தோடு போகலாமா? (போர்ட்லாண்ட்)

கூடாது. ஆளில்லாமல் விட்டுவைக்க நேர வரம்பு உண்டு, பல காடுகளில் 24 மணி நேரம். இடம் பிடிக்கத் துண்டு போடும் பழக்கம் பஸ்ஸோடு போகட்டும்.

ஜூலையில் ஃபிளாக்ஸ்டாஃப். மணல் பரந்த சமதளமான இடம் ஒன்று படத்தில் தெரிகிறது. நல்ல இடமா? (டூசான்)

நீங்கள் பார்த்தது அநேகமாக வாஷ், காய்ந்த ஓடை. ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை அங்கே மதியமானால் இடிமழை. உங்கள் தலைக்குமேல் ஒரு துளி விழாமலேயே பத்து மைல் தள்ளிப் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். கரைமேல் ஏறித் தங்குங்கள். தனியாக நிற்கும் உயர்ந்த மரத்தடியும், மொட்டை மேடும் வேண்டாம், மின்னலுக்கு அவைதான் இலக்கு. கூடாரம் அடிக்குமுன் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன மரம் அதன் உயரத்துக்குள் ஒன்றும் நிற்கக் கூடாது. நகரம் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, டூசானை வைத்துக் கணக்குப் போடாமல் கம்பளி எடுத்துப் போங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு ஒரு கேலன்.