கொல்லையில் நடக்கும் பேச்சு

அன்புள்ள சார்,

நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்னதைக் கேட்டு சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலை வாங்கினேன். பாதியோடு நிற்கிறது. யாருக்கு யார் என்ன உறவு என்றே பிடிபடவில்லை. பக்கம் பக்கமாகப் பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கதை நகரவே இல்லை. இது அவருடைய சொந்த வாழ்க்கையா? இதை விட்டுவிட்டு அவருடைய இன்னொரு நாவலான ‘மனாமியங்கள்’ படிக்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

உறவுமுறை பிடிபடாதது ஒரு குறையே இல்லை. கல்யாண வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

சொந்த வாழ்க்கையா என்று கேட்பதை விட்டுவிடுங்கள். துவரங்குறிச்சியில் பருவமடைந்ததும் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்டவர், கல்யாணத்துக்குப் பிறகு ஒளித்து ஒளித்துக் கவிதை எழுதியவர், 2001இல் உள்ளாட்சித் தேர்தலில் நின்று வென்றவர். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆண் எழுதினால் நாவல், பெண் எழுதினால் டைரியா? இந்தக் கேள்வியை இனி எந்தப் பெண்ணிடமும் கேட்காதீர்கள்.

ஆனால் ‘பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று அலுத்துக்கொண்டீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. சமீபத்தில் என் பெரியம்மா தவறியதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான்.

பங்குனியில் எங்கள் வீட்டில் புளி வந்து இறங்கும். தெருப் பெண்கள் நாலைந்து பேர் கொல்லையில் உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு, பிசுபிசுத்த விரலைத் தவிட்டில் தோய்த்துக்கொண்டு, கை பாட்டுக்கு வேலை செய்யும். வாய் வேறெங்கோ இருக்கும். யாருக்குப் பிரசவத்துக்கு அப்புறம் உதிரம் நிற்கவில்லை, யார் தாலிக்கொடி அடகில் இருக்கிறது, எவள் புருஷனோடு பேசி வருஷமாயிற்று. நடுவில் புளி விலையும் வரும். நான் பல்லாங்குழிக்குக் கொட்டை பொறுக்குகிற சாக்கில் பக்கத்திலேயே கிடப்பேன். மீசை அரும்பிய வருஷம் பெரியம்மா, “உனக்கு இங்க என்னடா வேல, எந்திரி” என்றாள். அதன் பிறகு நான் கொல்லைப்பக்கம் தலைகாட்டினாலே பேச்சு சட்டென்று ‘இன்னிக்கு என்ன குழம்பு’ என்று மாறிவிடும். அவள் சாகும்வரை அது எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

தமிழில் நாவல் எழுதிய ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கும் இதுதான் கதி. குழம்புப் பேச்சைக் கேட்டுவிட்டு, பெண்கள் பேசுவது அவ்வளவுதான் என்று எழுதினார்கள். 2004இல் சல்மா அந்தக் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு உட்காரச் சொல்கிறார். நீங்கள் கொட்டாவி விடுகிறீர்கள், தம்பி. கோபமாக வருகிறது.

‘மனாமியங்கள்’ எங்கும் ஓடிவிடாது. புருஷன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதும் அவனை விட்டு வெளியேறும் மெஹரின் கதை அது. ஆனால் இதை முடிக்காமல் அதைத் தொடாதீர்கள்.

முதலிரவிலேயே புருஷனிடம் ‘உன்னோடு வாழ மாட்டேன்’ என்ற பிர்தவ்ஸை நினைவிருக்கும். மிச்சப் பக்கங்களில் அவளுடைய அம்மா என்ன செய்கிறாள் என்று பாருங்கள். பெற்றவளை அதுவரை கொண்டுபோய்த் தள்ளுவது தெருவில் நாலு வாய் என்ன சொல்லும் என்ற பயம். நீங்கள் அலுத்துப்போய்ப் புரட்டித் தள்ளிய பக்கங்களில் அந்த வாய்கள்தான் பேசிக்கொண்டிருந்தன.