பகுத்தாய்க என்று எழுதினால் போதுமா?

‘ஒளிச்சேர்க்கையைப் பகுத்தாய்க’ என்று கேட்டும் அது நினைவுக் கேள்விதான் என்று வினாத்தாளைத் திருப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். திருப்பியது சரிதான். வினைச்சொல் எதுவானாலும், புத்தகப் பத்தியை மனப்பாடமாக எழுதியே முழு மதிப்பெண் வாங்கலாம் என்றால் அது நினைவுகூர்தலில்தான் சேரும்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இலையின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி வெயிலில் வைத்தாள் ஒரு மாணவி, சாயங்காலம் அயோடின் சோதனை (ஸ்டார்ச் இருந்தால் கருநீலமாகும்) செய்தால் மூடிய பாதியும் கருநீலமாகிவிட்டது, எங்கே தவறினாள்? செடியை முதலில் இருட்டில் வைத்து, இலையில் ஏற்கெனவே இருந்த ஸ்டார்ச்சைத் தீர்க்கவில்லை என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். (வகுப்பில் ஏற்கெனவே சொல்லியிருந்தால் இதுவும் நினைவுக் கேள்விதான்!)

அப்புறம், கேள்விகளைச் சிந்தனை நிலைவாரியாகப் பிரிக்கும் உங்கள் அட்டவணையில் ‘தொகுத்தல்’, ‘படைத்தல்’ இரண்டும் இருக்கின்றன. முதலாவது, சிந்தனை நிலைகளைப் படிப்படியாக அடுக்கிய கல்வியாளர் ப்ளூமின் 1956 வரிசையில் உள்ளது. அந்த வரிசையின் 2001 திருத்தத்தில் தொகுத்தல் போய், மதிப்பிடலுக்கு மேலே படைத்தல் வந்துவிட்டது. ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.