புது ராம் போட்டதும் ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை

கணினியில் பழைய 8 ஜிபி டிடிஆர்4 ராமுக்குப் (நினைவக அட்டைக்கு) பக்கத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டதும் திரை கறுப்பாகிவிட்டதென்றால், புதியது முழுதாக உள்ளே இறங்கவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ராமே கெட்டிருப்பது அபூர்வம். பல மதர்போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப் அசையும். அது 'டக்' என்று விழுந்ததும் விட்டுவிடுவோம். மறுமுனை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

1. பவர் கேபிளைக் கழற்றுங்கள். கேஸின் இரும்பைத் தொட்டுவிட்டு, இரண்டு ராமையும் எடுங்கள்.

2. புதியதை மட்டும் ப்ராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து, இரு முனைகளையும் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பயப்படும் அளவுக்கு அழுத்தம் வேண்டியிருக்கும், பரவாயில்லை. ஆனால் ராமின் அடி விளிம்பிலுள்ள நடுவெட்டு பொருந்தாவிட்டால் அழுத்தவே வேண்டாம், திருப்பி வைத்துப் பாருங்கள். அப்போதும் பொருந்தாவிட்டால் அது வேறு தலைமுறை ராம்.

3. பவர் கொடுத்துப் பாருங்கள். திரை வந்தால் சரி, ராம் நல்லதுதான். அப்புறம் மறுபடி பவரைக் கழற்றிவிட்டு, பழையதை நான்காவதில் போடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பெரும்பாலும் டூயல் சேனல் (இரண்டு ராமும் இணைந்து வேகமாக ஓடும் முறை) கிடைக்காது.

தனித்தனியாக ஓடி, சேர்த்தால் மட்டும் அடம்பிடித்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பியை, அதாவது ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை, அணைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாத ஜோடிகள் உண்டு. அப்போது ஒரே பெட்டியில் வரும் இரட்டை ராம்தான் வழி.