கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள்

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் காருக்கு 20 வயது. காலையில் 'டி'யில் போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் நகர்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைகிறது, வேகம் ஏறுவதில்லை. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி இல்லையா?

பதில்: அவர் கியர்பாக்ஸின் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியை, எடுத்துப் பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். ஆயிலையே பார்க்காமல் பிரித்துப் போட்ட கியர்பாக்ஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும்.

வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டுச் சமதளத்தில் நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு 'பி'க்கு (பார்க்) கொண்டுவாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். சில வண்டிகளில் நியூட்ரலில் பார்க்க வேண்டும். ஹோண்டா கார்கள் பலவற்றில் எஞ்சினை அணைத்த கையோடு பார்க்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படிச் செய்யுங்கள்.

அளவு குறைந்திருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும். பிரஷர் ஏறாது, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் இறுகப் பிடிக்காது, வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் பிளேட்டின் லைனிங் கருகும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை எரித்துத் தீர்ப்பதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது: பேன் (கியர்பாக்ஸின் அடித்தட்டு) கேஸ்கட், ஆக்ஸில் சீல், ஆயில் கூலருக்குப் போகும் பைப் என்று தேடுங்கள். ரொம்பப் பழைய வண்டிகளில், எஞ்சின் உறிஞ்சும் வேக்குவத்தை வைத்துக் கியர்பாக்ஸ் பிரஷரைச் சரிசெய்யும் வேக்குவம் மாடுலேட்டர் என்று ஒன்று உண்டு. அதன் டயஃப்ரம் கிழிந்தால் ஆயில் வேக்குவம் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குள் போய்விடும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக ஈரம் இருந்தால் மாட்டிக்கொண்டது.

அப்புறம், டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு மோந்து பாருங்கள். தெளிந்த சிவப்பு என்றால் பயமில்லை. பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் லைனிங் போய்விட்டது, உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி. ரோஸ்மில்க் மாதிரி வெளுத்திருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலக்கிறது. உடனே வண்டியை நிறுத்திவிடுங்கள். லைனிங் காகித நாரால் ஆனது, பசையில் ஒட்டியது. தண்ணீர் பட்டால் பெயர்ந்துவிடும்.

ஆயில் அளவும் நிறமும் சரியாக இருந்தால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்தாலும் பிரஷர் குறையும், இறுக்கினாலே சரியாகிவிடும். கம்ப்யூட்டர் உள்ள வண்டி என்றால் ஸ்கேனர் போட்டு அதில் பதிவான பழுதுக் குறியீட்டைப் படிக்க வேண்டும். இதெல்லாம் பார்த்தும் தாமதம் தீரவில்லை என்றால் உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிப்போயிருக்கும். அப்போது பிரிக்கலாம்.

கேள்வி: 1,20,000 கி.மீ. ஓடியும் கியர் ஆயில் மாற்றவே இல்லை. இனி மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: ஏற்கெனவே வழுக்கும் கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றிய பிறகு நின்றுபோவது உண்டு. லைனிங் தேய்ந்து முடிந்திருக்கும், பழி ஆயில் மேல் விழும். உங்கள் வண்டி ஒழுங்காக கியர் மாறுகிறது என்றால் தாராளமாக மாற்றுங்கள், ஆனால் மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. பேனைக் கழற்றி வடித்தால் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் வரும். மீதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலம் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் தங்கிவிடும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றுங்கள், போதும்.

பேனைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்துகிற இரும்புச் சீவல் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. ஃபில்டரையும் கேஸ்கட்டையும் கையோடு மாற்றிவிடுங்கள். ஆயில் கையேட்டில் சொன்ன ரகமாகவே இருக்க வேண்டும். சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டால் ஓடும் ஆட்டோமேட்டிக்) வண்டிக்கு ஆயிலே வேறு, அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலான ஏடிஎஃப் ஊற்றவே கூடாது.

கேள்வி: 60, 70 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது வண்டி நடுங்குகிறது. கியர்பாக்ஸா, எஞ்சினா?

பதில்: நடுங்கும்போது, ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் வண்டி வராத இடத்தில், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலை லேசாகத் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் டார்க் கன்வர்ட்டரை நேரடியாகப் பூட்டிவைக்கும் லாக்-அப் கிளட்ச் அந்த நொடியில் விடுபடும். நடுக்கம் நின்றால் கோளாறு அங்கேதான். பல நேரம் சரியான ஆயிலை மாற்றினாலே தீர்ந்துவிடும். நிற்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கம் பாருங்கள்.