அந்தச் சரிவுக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

வணக்கம் அக்கா,

முனைவர் பட்டத்துக்காக மூணாறு பக்கம் ஒரு தேயிலைச் சரிவில் நிலச்சரிவைக் கண்காணிக்கும் ஆய்வு செய்கிறேன். மண்ணுக்குள் நீரழுத்தமானியும் சாய்வு உணரிகளும் புதைத்திருக்கிறேன். இரண்டு மழைக்காலம் போய்விட்டது, ஒரு நல்ல சரிவுகூட வரவில்லை. ‘புதுமை இல்லை’ என்று கட்டுரை திரும்பி வந்துவிட்டது. கண்ணாடியிழை கேபிளுக்கு மாறச் சொல்கிறார்கள். ஜப்பானில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. இதிலேயே தொடரலாமா?

அன்புள்ள தம்பி,

சில நாட்களாக எனக்கு, உங்கள் மூணாறு பக்கம் நிலச்சரிவில் புதைந்த பெட்டிமுடி நினைவாகவே இருந்தது, அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன். ‘ஒரு நல்ல சரிவுகூட வரவில்லை’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? எந்த உணரி, கட்டுரை என்ன ஆனது, எந்தக் கருவிக்கு மாறச் சொல்கிறார்கள் என்று எல்லாம் சொன்ன நீங்கள், அந்தச் சரிவுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் இருக்கிறதா, எத்தனை குடும்பம், ராத்திரி கிளம்பு என்றால் எந்த வழியாக ஓடுவார்கள் என்று ஒரு வரி எழுதவில்லை.

கட்டுரை திரும்பி வந்ததை விடுங்கள், வேறு இதழுக்கு அனுப்புங்கள். கண்ணாடியிழை நல்ல கருவிதான், கேபிளுக்குள் லேசர் ஒளியை விட்டு அது சிதறித் திரும்புவதை வைத்தே வழிநெடுக அதிர்வைக் கேட்கலாம். கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த லேசரை விடும் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும், மழைக்காலத்தில் மலையில் முதலில் போவது கரண்ட்தான்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை இறங்கியபோது கரண்டும் இல்லை, போனும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அதே மூணாறில் அந்தோணியார் காலனிச் சரிவில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் பல வருடம் முன்பே உணரிகளைப் புதைத்துக் கண்காணித்து வந்தார்கள். அந்தக் காவல் பெட்டிமுடி வரை நீளவில்லை. இலங்கையில் மீரியபெத்தை இன்னும் கொடுமை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை மாற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் சொல்லியிருந்தது. 2014 அக்டோபர் 29 காலை லயங்கள் புதைந்தபோது ஜனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். ஆனால் சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் ஊரில், 2025 மே மாதம் மேலே மலை அசைகிறது என்று தெரிந்ததும் சுமார் 300 பேரையும் வெளியேற்றினார்கள். ஒன்பது நாள் கழித்துப் பனிப்பாறை உடைந்து விழுந்து ஊரில் பெரும்பகுதி மூடிப்போனது. ஒரு உயிர் போனது. மற்றவர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கை அங்கேயும் உண்டு, மீரியபெத்தையிலும் உண்டு. அது சொன்னதைக் கேட்டு ஜனங்களைக் கிளப்ப ஆள் இருந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் அப்பா வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் கிளார்க். தினமும் காலையில் மழைமானித் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, இத்தனை இஞ்சு என்று ரிஜிஸ்டரில் எழுதுவார். ஒரு ஆடி மாதம், எழுதிய கையோடு குடையை எடுத்துக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கிப் போய், இன்றைக்கு எல்லோரும் ஸ்கூலில் போய்ப் படுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் கத்தினார், வீணாகத் தூக்கம் போச்சு என்று சிலர் முணுமுணுத்தார்கள். அப்பா பதில் பேசவில்லை. அடுத்த வருடம் திரும்பவும் போய்ச் சொன்னார், பெண்கள் உடனே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவரை அவர்களுக்குத் தெரியும், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். உங்கள் சரிவுக்குக் கீழே இருப்பவர்களில் ஒருவருக்காவது உங்கள் பெயர் தெரியுமா?

அதனால்தான் சொல்கிறேன், ஒன்றும் நடக்காத அந்த இரண்டு மழைக்காலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எவ்வளவு மழைக்கு மண்ணுக்குள் நீரழுத்தம் எவ்வளவு ஏறியது, அப்படியும் மலை நின்றதா என்பது உங்கள் கையில் இருக்கிறது. எச்சரிக்கையை எந்த அளவில் வைத்தால் வீணாக ஜனங்களை எழுப்ப வேண்டியதில்லை என்று கணக்குப் போட அதுவும் வேண்டும்.

ஜப்பான் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். அதற்கு முன்னால் அந்த லயத்திலேயே இரண்டு பேரைப் பழக்கிவிடுங்கள். பாட்டரி எப்போது மாற்றுவது, எலி கேபிளைக் கடித்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த அளவு வந்தால் ஜனங்களை எழுப்புவது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

அன்புடன்,
அக்கா