ஈம் கிராமத்தைச் சுற்றி நடக்க எந்தப் பாதை? முழங்கால் வலியுள்ளவருடன் செல்லும் குடும்பத்துக்கு ஓர் ஆலோசனை

கேள்வி: நாங்கள் ஷெஃபீல்டில் வசிக்கிறோம். ஏப்ரல் நடுவில் மதுரையிலிருந்து என் பெற்றோர் வருகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. பத்து வயது மகளும் ஒரு நாயும் உடன் வருவார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் தன்னைத் தானே அடைத்துக்கொண்ட ஈம் கிராமத்தை ஒரு நாள் நடந்து பார்க்க விரும்புகிறோம். ஆனால் வரைபடத்தில் உள்ள பாதைகள் பிறருடைய வயல்களுக்குள்ளும் மாடுகள் மேயும் இடங்களுக்குள்ளும் போகின்றன. அப்படி நடக்க அனுமதி உண்டா? எத்தனை கிலோமீட்டர் வரை திட்டமிடலாம்?

பதில்: ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். வரைபடத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்தால் 'இயாம்' என்று படிக்கத் தோன்றும்; ஊரார் 'ஈம்' என்றுதான் சொல்கிறார்கள். பேருந்து ஓட்டுநரிடமோ எதிரில் வருபவரிடமோ அப்படிக் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கள் தாயாரைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு: வழியில் எவ்வளவு இறக்கம் இருக்கிறது, எத்தனை மதில்களைத் தாண்ட வேண்டும் என்பவை. முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே அதிக வேதனை தரும். இப்பகுதியில் காரை பூசாமல் கல் மேல் கல் அடுக்கிய மதில்கள் வயலுக்கு வயல் குறுக்கே நிற்கின்றன. அவற்றைக் கடக்கச் சில இடங்களில் ஏறி இறங்கும் கற்படிகளும், சில இடங்களில் ஒருவர் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குக் குறுகிய இடைவெளிகளும் இருக்கும். 'ஸ்டைல்' என்று அங்கே பெயர். சமதரையில் நான்கு கிலோமீட்டர் நடப்பவர்கூட இப்படிப் பத்துப் படிகளை ஏறி இறங்கினால் சோர்ந்துவிடுவார்.

அனுமதி பற்றிய தங்கள் தயக்கம் நியாயமானது. அதற்கு உறுதியான விடையும் உண்டு. இங்கிலாந்தில் நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருந்தாலும், அதன் ஊடே செல்லும் பொதுவழியில் நடந்து போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 1949ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழிகளையெல்லாம் அதிகாரபூர்வ வரைபடங்களில் பதிவு செய்யும் கடமையை மாவட்ட நிர்வாகங்களுக்கு அளித்தது. ஆகவே உழவர் அந்த வயலில் மாடு மேய்க்கலாம், பயிர் செய்யலாம். வழியை மட்டும் அடைக்கக் கூடாது. உங்களுக்கு உள்ளதும் அந்த வழியில் செல்லும் உரிமைதான். வயல் முழுவதும் சுற்றித் திரியும் உரிமை அன்று. இதற்கு விலக்கு, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட திறந்தவெளி நிலங்கள். ஊருக்கு வடக்கே உள்ள ஈம் மேட்டு வெளி அத்தகையது. அங்கே பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். இந்த உரிமைகள் எளிதில் கிடைத்தவை அல்ல என்பதைத் தங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். ஈம் அமைந்துள்ள இதே பீக் மாவட்டம் என்ற மலைப்பகுதியில், கிண்டர் மலைமேட்டில், 1932 ஏப்ரல் 24 அன்று தடையை மீறி நடந்தவர்களில் ஐவர் சிறைக்குப் போனார்கள். 1951இல் பிரித்தானியாவின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் இந்தப் பகுதியே.

கைபேசிச் செயலியை மட்டும் நம்பாமல், பிரித்தானிய அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவுள்ள எக்ஸ்புளோரர் வரைபடங்களில் ஓஎல் 24 என்ற தாளை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். பச்சை நிறக் குறுங்கோடுகள் நடப்போருக்கான வழி. பச்சை நெடுங்கோடுகள் குதிரைகளும் மிதிவண்டிகளும் செல்லக்கூடிய வழி. தரையில் முன்னதை மஞ்சள் அம்புக்குறியும் பின்னதை நீல அம்புக்குறியும் காட்டும். பலர் தவறுவது கறுப்புக் குறுங்கோடுகளில்: அங்கே ஒரு தடம் இருக்கிறது என்று மட்டுமே அவை சொல்கின்றன, நடக்கும் உரிமை உண்டு என்று சொல்வதில்லை. பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடங்களில் சரிவு கடுமையாக இருக்கும். தாயாருக்கான வழியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த இடங்களையே முதலில் விலக்குங்கள்.

ஊரின் அமைப்பையும் புரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் வழியின் தன்மையை அது தீர்மானிக்கிறது. ஈம் இரண்டு பாறை வகைகள் சந்திக்கும் கோட்டில் அமைந்த ஊர். தெற்கே வெண்சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். வடக்கே களிப்பாறையும் கரடுமுரடான மணற்கல்லும். தெற்குப் பாதைகளில் நீர் விரைவில் வடிந்துவிடும், ஆனால் பல தலைமுறைக் கால்கள் தேய்த்த சுண்ணாம்புக்கல் மழையில் நனைந்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். வடக்கே வழுக்கல் குறைவு, சேறு அதிகம்.

இப்போது வழிகளுக்கு வருவோம். காலையில் அனைவரும் சேர்ந்து ஊருக்குள்ளேயே தொடங்குங்கள். புனித லாரன்ஸ் ஆலயத்தை அடுத்து, தெருவோரமாகக் கொள்ளைநோய் வீடுகள் வரிசையாக உள்ளன. லண்டனிலிருந்து தையற்காரர் ஒருவருக்காக வந்த துணிமூட்டையில் இருந்த தெள்ளுப்பூச்சிகளால் நோய் பரவியது என்பது வழிவழி வந்த செய்தி. அந்தத் தையற்காரரின் உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர் முதலில், 1665 செப்டம்பரில், இறந்தார். அடுத்த பதினான்கு மாதங்களில் சுமார் 260 பேர் மாண்டார்கள். ஆலய முற்றத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கற்சிலுவையும், பாதிரியார் வில்லியம் மொம்பெசனின் மனைவி கேத்தரினின் கல்லறையும் இருக்கின்றன. நோயுற்றவர்களிடையே தங்கிவிட்ட கேத்தரின் 1666 ஆகஸ்டில் இறந்தார். இந்தப் பகுதி முழுவதும் தெருவிலேயே நடப்பது. தாயாருக்குச் சிரமம் இராது.

அங்கிருந்து லிட்கேட் சந்து வழியாக எல்லைக்கல்லுக்குச் செல்லுங்கள். ஒரு நடையைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதையே பரிந்துரைப்பேன். 1666 ஜூனில் மொம்பெசனும், அவருக்கு முன் அப்பதவியில் இருந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து ஊர்மக்களை இணங்கவைத்தார்கள்: யாரும் எல்லையைத் தாண்டுவதில்லை, இறந்தோரை அந்தந்தக் குடும்பமே அடக்கம் செய்வது, வழிபாட்டைத் திறந்தவெளியில் நடத்துவது என்று முடிவாயிற்று. ஈமுக்கும் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்கும் இடையே அந்த எல்லையில் கிடக்கும் கல்லில் ஆறு குழிகள் உள்ளன. அவற்றில் வினிகரை ஊற்றி, அதற்குள் நாணயங்களைப் போட்டுவைப்பார்கள். வெளியூரார் உணவை வைத்துவிட்டுப் பணத்தை எடுத்துச் செல்வார்கள். கிருமி என்ற கருத்தே இல்லாத காலத்தில் மனிதர்கள் கைக்கொண்ட இந்த ஒழுங்கை, வயல்களுக்கு நடுவே அந்தக் கல்லின் அருகில் நின்று எண்ணிப் பார்ப்பது வேறு. அருங்காட்சியகத்தில் படித்து அறிவது வேறு.

ஊர்ச் சதுக்கத்திலிருந்து இக்கல் ஒரு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. கல்லைத் தாண்டியதும் பாதை ஸ்டோனி மிடில்டனை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. தாயார் அங்கேயே நின்று, வந்த வழியே திரும்புவதுதான் முறை. வட்டமாகச் சுற்றி வந்தால்தான் நடை நிறைவுறும் என்ற எண்ணத்தில் அவரை அந்தச் சரிவில் இறக்கிவிட வேண்டாம். மிடில்டனின் எண்கோண வடிவ ஆலயத்தைப் பார்க்கும் விருப்பம் இருந்தால், தந்தையாரும் மகளும் இறங்கிச் செல்லட்டும். நீங்கள் தாயாருடன் ஊருக்குத் திரும்பி, அவர்களைக் காரில் போய் அழைத்து வரலாம்.

பிற்பகலுக்கு இரண்டு வழிகள் உண்டு. கிழக்கே, ஊர் எல்லையைத் தாண்டிச் சற்றே ஏற்றமான சந்தில் நடந்தால் ரைலி கல்லறைகள் வரும். வட்டமான சிறு மதிலுக்குள் ஹேன்காக் குடும்பத்தார் நினைவாக நிற்கும் கற்கள் அவை. எலிசபெத் ஹேன்காக் என்ற பெண், 1666 ஆகஸ்டில் எட்டே நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். பின்பு, எஞ்சிய ஒரே மகனைத் தேடி நீங்கள் வசிக்கும் ஷெஃபீல்டுக்கே போய்ச் சேர்ந்தார் என்று சொல்வார்கள். வயல் மதில்களைத் தாண்டும் தொல்லை இங்கே குறைவு என்பதால், மெதுவாக நடந்தால் தாயாரும் வரக்கூடும். திரும்பும் இறக்கத்துக்கு ஊன்றுகோல் அவசியம்.

மற்றது வடக்கே மொம்பெசன் கிணறும், அதற்கு மேலே 429 மீட்டர் உயரமுள்ள சர் வில்லியம் குன்றும். ஆலயத்திலிருந்து காட்டு வழியே ஏறினால் மூச்சு வாங்கும்; உச்சிவரை ஏறத்தாழ 150 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். இது தந்தையாருக்கும் மகளுக்குமான நடை. கிணறு சாலையோரத்திலேயே இருப்பதால் தாயாரைக் காரில் அழைத்துச் சென்று காட்டலாம். ஆனால் அங்கே வண்டி ஒதுக்க இடம் மிகக் குறைவு. நேரக் கணக்குக்கு, 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாகப் 10 நிமிடம். தங்கள் குடும்பத்துக்கு மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாடுகளைப் பற்றிய அச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கன்றுடன் நிற்கும் பசு, நாயைக் கண்டால் மிரண்டு பாயக்கூடும். கன்றுக்கும் தாய்ப்பசுவுக்கும் இடையே ஒருபோதும் போகாதீர்கள்; ஓடாமல், அவற்றைச் சுற்றி அகலமாக விலகி நடங்கள். நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். மாடுகள் துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பிக்கொள்ளும், நீங்களும் தப்புவீர்கள். ஏப்ரல் ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் காலம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மேட்டு வெளியில் தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருப்பது சட்டப்படி கட்டாயம். வயற்கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்லுங்கள்.

மதுரையின் சித்திரை வெயிலிலிருந்து வருபவர்களுக்கு இந்த மேட்டின் ஏப்ரல் காற்று எலும்புவரை குளிரும். பருத்தித் துணி நனைந்தால் உலராது. உள்ளே கம்பளி, மேலே மழையும் காற்றும் புகாத சட்டை வேண்டும். தாயார் சேலை உடுத்துபவர் என்றால், அன்று ஒரு நாள் கால்சட்டையோ சல்வாரோ அணியச் சொல்லுங்கள். குறுகிய கல் இடைவெளிகளில் சேலை சிக்கும், சேற்றில் கனக்கும். கணுக்காலைப் பிடிக்கும் பிடிப்புள்ள காலணியை அவர் வந்த அன்றே வாங்கி, வீட்டைச் சுற்றி நான்கைந்து நாள் அணிந்து பழகட்டும்.

குன்றில் யாருக்கேனும் அடிபட்டால் 999ஐ அழைத்து, முதலில் காவல்துறையையும், பிறகு மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆனால் அதற்கு முன்பதிவு வேண்டும். புறப்படும் முன் வீட்டிலிருந்தே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி, வரும் பதிலின்படி அதை முடித்துவிடுங்கள். தந்தையாருடன் குன்றேறப் போகும் கைபேசி எதுவோ அதிலிருந்து.